இரண்டாம் பாகம் கேட்டுப் போனோம்

என் இடது காது கேட்காது. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். புதிதாகப் பழகுகிறவர்கள் தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். பிறவியில் காது நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாவலின் இரண்டாம் பாகத்தைக் கேட்டு ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு மாடிப்படி ஏறினோம். அங்கேதான் அது போயிற்று.

அப்போது நான் ஆம்பூரில், பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் ஷாப்புகளின் கூலிக்காரர்கள் குடியிருந்த சேரியில், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். எனக்குச் சொந்த ஊர் விரிஞ்சிபுரத்துப் பக்கம். அப்பா பண்ணையாள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு என்னை வேலூரில் போர்டிங்கில் விட்டுப் படிக்க வைத்தார். டிரெயினிங் முடிந்ததும் ஆம்பூருக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் என்பது ஓடு போட்ட ஒரு நீளமான அறை. அதன் கடைசியில் தட்டி வைத்து மறைத்த இடம் என் வீடு. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசினால் சுண்ணாம்புக் குழியின் நாற்றமும் ஊறிய தோலின் நாற்றமும் சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

அந்த அறையில் ஒரு புத்தக பீரோ இருந்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்த வெள்ளைக்கார அம்மா சீமைக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. ஜெபப் புத்தகங்கள், பிரசவம் பார்க்கும் முறை, பிராணிகளின் படம் போட்ட புத்தகங்கள், அவற்றோடு யாரோ அவளுக்குக் கொடுத்த சில தமிழ் நாவல்கள். சாவி பள்ளிக்கூட மேனேஜரான பாதிரி ஐயாவிடம் இருந்தது. நான் கேட்டதும், "பிள்ளைங்களுக்கு மட்டும் குடும்மா. கிழிச்சிடாமப் பாத்துக்க" என்று கொடுத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

முஸ்லிம் முதலாளிகளின் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பட்டை இடிக்கும் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவார்கள். ஆவாரம் பட்டையை உலக்கையால் இடித்துத் தூளாக்குவது அவர்கள் வேலை. அந்தத் தூளைத் தொட்டித் தண்ணீரில் கரைத்துத்தான் தோலை ஊறப்போடுவார்கள். எத்தனை தேய்த்தாலும் அவர்கள் உள்ளங்கையில் பழுப்பு போகாது. அவர்களில் ஒருத்தி மற்றவர்களைவிடத் தலை உயரம் அதிகம். நெட்டச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். சின்ன வயதில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஒரு வெள்ளிக்கிழமை பீரோவைப் பார்த்து, "டீச்சரம்மா, அதுல கத புஸ்தகம் எதுனா கீதா?" என்று கேட்டாள். சிவப்புக் காலிகோ அட்டை போட்ட நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். சுற்றி மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அதுதான் ஆரம்பம்.

அவளுக்கு நாக்குத் தடுக்கும் இடத்தில் நான் படிப்பேன். கதை ஒரு பெரிய வீட்டு மருமகளைப் பற்றியது. புருஷன் ரங்கூனுக்குப் போயிருக்கிறான். கொழுந்தன் கெட்டவன். வெள்ளிக்குப் பின் வெள்ளியாக அந்த வீட்டுக்குள்ளேயே குடியிருந்தோம். பட்டை இடிக்கும் இடத்திலும் அதே பேச்சு என்று கேள்விப்பட்டேன். ஷாப்பு மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. கை ஓய்கிறது என்றான். நெட்டச்சியின் புருஷனைக் கூப்பிட்டு, "உம் பொண்டாட்டி கச்சேரி வெக்கறா, நீ இன்னாடா ஆம்பள?" என்று கேட்டிருக்கிறான்.

அவன் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவும் வேலைக்காரன். குட்டையான ஆள், ஆனால் கைகள் இரும்பு. அடுத்த வெள்ளிக்கிழமை சாராயம் குடித்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அவள் கொண்டையைப் பிடித்து வாசற்படியிலிருந்து இழுத்தான். தெருவின் சரளைக் கல்லில் அவள் முழங்கால் இரண்டும் உரிந்தன. நான் குறுக்கே போனேன். கையில் அகப்பட்ட சிலேட்டை எடுத்து என்மேல் வீசினான். அதன் மரச் சட்டத்தின் முனை என் நெற்றியில் பட்டு, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அந்த ரத்தத்தினூடே பார்த்தேன்: அவள் எழுந்து, தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவன் வாயிலேயே அடித்தாள். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். விலக்கப் போனவர்களுக்கும் அடி. கடைசியில் அவன் ஒரு பல்லைத் துப்பிவிட்டு எழுந்து போனான்.

மறு வெள்ளிக்கிழமை அவள் ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"வூட்ல இன்னா ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அட்ச்சான். நானும் அட்ச்சேன். அப்பறம் ரெண்டு பேரும் சாப்ட்டோம். நீ படி டீச்சரம்மா."

அன்றைக்குத்தான் முதல் பாகம் முடிந்தது. கொழுந்தன் அந்தப் பெண்ணைக் கிணற்றில் தள்ளுகிறான். தண்ணீர் மூடிக்கொள்கிறது. 'முதற்பாகம் முற்றிற்று' என்று போட்டிருந்தது. பீரோ முழுக்கத் தேடினேன், இரண்டாம் பாகம் இல்லை. அந்த வாரம் சேரியில் வேறு பேச்சே கிடையாது. செத்துவிட்டாள் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. இரண்டு பெண்கள் அதற்காகத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான்தான் விலக்கிவிட்டேன்.

பாதிரி ஐயாவிடம் கேட்டேன். கடைத்தெரு வாசகசாலையில் இருக்கும் என்றார். சொன்ன கையோடு, "நீ போவாதம்மா. பேஜாராப் பூடும்" என்றும் சொன்னார்.

வாசகசாலை ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து வைத்தது. கீழே 'பொதுஜன வாசகசாலை' என்று பலகை. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தைப் பிரார்த்தனை என்று சொல்லிச் சீக்கிரம் விட்டுவிட்டு, நெட்டச்சியும் நானும் இன்னொரு பட்டைக்காரப் பெண்ணும் போனோம். மூன்று பேரும் குளித்துத் துவைத்த சேலை கட்டியிருந்தோம். நான் செருப்பைக் கீழேயே விட்டேன். அவர்களுக்குச் செருப்பு இல்லை.

மேலே காரியதரிசி மேஜையில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி, கறுப்புக் கோட்டு. சுற்றிலும் பத்திரிகை படித்துக்கொண்டு சில ஆண்கள்.

"இன்னா வேணும்?" என்றார், கோபமில்லாமல்.

புத்தகத்தின் பெயரைச் சொல்லி இரண்டாம் பாகம் வேண்டும் என்றேன்.

"யாரு படிக்க?"

"நான்தான்" என்றாள் நெட்டச்சி.

யாரோ சிரித்தார்கள். காரியதரிசி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீ டீச்சர், உனக்கே தெரிஞ்சிருக்கணும். இங்க இருக்கிற புஸ்தகம் நாலு பெரிய வீட்டுக்குள்ள போய் வருது. இவ கை பட்டதுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், அப்புறம் எந்த வீட்லயும் சேக்க மாட்டாங்க. வாசகசாலையையே மூட வேண்டியதுதான். போயிட்டு வாம்மா."

"பொதுஜனம்னு எழுதி இருக்குதுங்களே" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நெட்டச்சி அலமாரியில் அதைப் பார்த்துவிட்டாள். அதே சிவப்பு அட்டை. விறுவிறுவென்று உள்ளே போனாள். வாசற்படியைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, போய்ப் புத்தகத்தை எடுத்தேவிட்டாள்.

முதல் அடி குடையால் விழுந்தது. ஒரு கிழவர்தான் அடித்தார், கம்பி வளையும்வரை. பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பத்திரிகை சொருகி வைக்கும் மூங்கில் கழியை உருவி ஒருவன் அவள் முதுகில் வெளுத்தான். அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக் குனிந்துகொண்டாள். நான் கூச்சல் போட்டுக்கொண்டு அவள்மேல் விழுந்தேன். அப்போதுதான் ஜவுளிக்கடைக்காரரின் மகன், என் வயதுதான் இருக்கும், விரித்த கையால் என் காதில் அறைந்தான். தலைக்குள் ஏதோ வெடித்த மாதிரி இருந்தது. பிறகு வெறும் ரீங்காரம். வாய்கள் அசைவதைப் பார்க்கிறேன், சத்தம் எங்கிருந்தோ தூரத்திலிருந்து வருகிறது.

எங்களை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்களோடு வந்த பெண் முதலிலேயே உருண்டு கீழே போய்விட்டாள். என்னை அறைந்தவன் நெட்டச்சியின் இடுப்பில் உதைத்தான். அவள் விழும்போது அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. இருவருமாக உருண்டார்கள். கருங்கல் படி. கீழே போய்ச் சேர்ந்தபோது அவன் மண்டை பிளந்து, ஒரு கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அவள் எழுந்து நின்றாள். மூக்கிலும் வாயிலும் ரத்தம். புத்தகத்தை யாரோ பிடுங்கியிருந்தார்கள். அவள் கைக்குள் ஒரு தாள் மட்டும் கசங்கிக் கிடந்தது.

தெருவில் கூட்டம் சேர்வதற்குள் ஒரு ஜட்கா வண்டிக்கார பாய் எங்கள் பக்கம் வண்டியைத் திருப்பினார். "ஏறுங்கம்மா, ரத்தம் ஜாஸ்தி போவுது. அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வண்டி ஓடும்போது நெட்டச்சி அந்தத் தாளைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

"பாரு. கதைல வர்றவ பேரு இதுல கீது பாரு."

பார்த்தேன். இருந்தது. அந்தப் பக்கத்தில் அந்தப் பெண் யாரோ ஒரு சந்நியாசியின் ஆசிரமத்தில் உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உயிரோட கீறா" என்று நெட்டச்சி சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள். உதடு கிழிந்திருந்ததால் முடியவில்லை.

பொழுது சாய்வதற்குள் கடைத்தெரு ஆட்கள் வந்தார்கள். தோல் ஷாப்புப் பெண்கள் வாசகசாலையைச் சூறையாடிவிட்டார்கள், ஜவுளிக்கடைக்காரர் மகன் சாகக் கிடக்கிறான் என்று கடைத்தெருவில் பேச்சுப் பரவியிருந்தது. கழிகளோடும் கோடாலிகளோடும் மண்ணெண்ணெய் டின்னோடும் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். என்னைத் தேடவில்லை. பீரோவைத்தான் தேடினார்கள். நான் தட்டிக்குப் பின்னால் காதில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்தேன். கோடாலி பீரோக் கதவில் இறங்கும் ஒவ்வொரு அடியும் தரை வழியாக என் உடம்பில் ஏறியது. புத்தகங்களை வாரித் தெருவில் கொட்டி எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். புத்தகம் லேசில் எரியாது. உள்தாள் வேக நேரமாகும். கழியால் கிளறிக் கிளறி விட்டார்கள்.

காற்று அன்றைக்கு ஆற்றுப் பக்கமிருந்து பலமாக வீசியது. எரிந்த தாள்கள் பறந்து பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த குடிசைக் கூரையில் விழுந்தன. அதில் ஒரு கிழவர் படுத்த படுக்கையாக இருந்தார். மகள் தண்ணீருக்குப் போயிருந்தாள். அவர் கத்தினாரா என்று அவள் என்னைக் கேட்டாள், பிறகு பலரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. கேட்கும் நிலையில் நான் இல்லை. வெளியே ஓடி வந்தபோது கூரை உள்ளே விழுந்ததை மட்டும் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பெண்கள் உலக்கையோடு வந்தார்கள். பட்டை இடிக்கும் உலக்கை அவரவருக்குச் சொந்தம். வீட்டு மூலையில் சார்த்தி வைத்திருப்பார்கள். நாள் முழுவதும் அதைத் தூக்கிப் போடுகிற கைகள். வரிசையாக வந்தார்கள். முதலில் எதிரில் வந்தவனின் தோள் இறங்கியது. எங்கள் சேரி ஆண்கள் பின்னாலிருந்து கல்லெறிந்தார்கள். கழியும் உலக்கையும் மோதுகிற சத்தம் எனக்குப் பட்டைக் கொட்டகை மாதிரியே இருந்தது. ஒருத்தியின் விரல்கள் நசுங்கித் தொங்கின. அவள் உலக்கையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். நெட்டச்சியை நான்கு பேர் சூழ்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் எங்கிருந்தோ பாய்ந்து வந்தான். "எம் பொண்டாட்டிய அடிக்கணும்னா நான் அடிப்பேன். நீ யார்ரா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவன் கழுத்தைக் கவ்விக்கொண்டான். இன்னொருவன் கழியின் முனையால் அவன் கண்ணில் குத்தினான். அந்தக் கண் அங்கேயே போய்விட்டது. ஆனாலும் அவன் கழுத்தை விடவில்லை.

கீழே ஒரு உலக்கை கிடந்தது. எடுத்தேன். எண்ணெய் டின்னை வைத்திருந்தவன் என் பக்கம் முதுகைக் காட்டி நின்று, பள்ளிக்கூடக் கதவில் எண்ணெயை வீசிக்கொண்டிருந்தான். அவன் முழங்கையைக் குறிவைத்து அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் வலது காதில் தெளிவாகக் கேட்டது. பிரார்த்தனைக் கூட்டங்களில் பிறகு பலமுறை இதைப் பற்றி என்னைக் கேட்டிருக்கிறார்கள், மனம் திரும்பினாயா என்று. அந்த நிமிஷம் எனக்குள் பெரிய சந்தோஷம் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் இருக்கிறது. அதற்கு மேல் என்ன சொல்ல.

இருட்டுவதற்குள் அவர்கள் ஓடிவிட்டார்கள். பாய் மறுபடி வண்டி கொண்டுவந்தார். நெட்டச்சியின் புருஷனையும் என்னையும் ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவன் முகத்தில் கட்டியிருந்த துணி நனைந்துகொண்டே இருந்தது. ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அந்த சிலேட்டு சமாச்சாரத்த மனசுல வெச்சிக்காத டீச்சரம்மா" என்று ஒருமுறை சொன்னான். பிறகு மயங்கிவிட்டான்.

நான் திரும்பி வருவதற்குள் போலீஸ் வந்து போயிருந்தது. கலகம் செய்ததாக நெட்டச்சியையும் வேறு சில பெண்களையும் பிடித்துப் போயிருந்தார்கள். கை ஒடிந்த ஜவுளிக்கடைக்காரர் மகன் சாட்சி. என் பெயரை யாரும் சொல்லவில்லை. மிஷனோடு வம்பு எதற்கு என்று விட்டிருக்க வேண்டும். கூரைக்குள் வெந்து போன கிழவரைப் பற்றி ஒரு கேஸும் எழுதப்படவில்லை. அடுப்பு நெருப்புப் பட்டது என்றார்கள். அவர் மகள் கோர்ட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினாள். பிடித்து வெளியே தள்ளினார்கள்.

பெண்களுக்கு வேலூர் ஜெயில். எனக்கு வேலை போயிற்று. பாதிரி ஐயா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பள்ளிக்கூட புஸ்தகம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்." நான் சேரியிலேயே ஒரு குடிசையில் இருந்துகொண்டு பட்டை இடிக்கப் போனேன். என் உள்ளங்கையிலும் பழுப்பு ஏறியது.

பல மாதம் கழித்து நெட்டச்சி திரும்பி வந்தாள். தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள், இன்னும் உயரமாகத் தெரிந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். அடித்தார்களா, சோறு போட்டார்களா என்று கேட்டோம்.

"அத வுடுங்க. கத முட்ஞ்சிது" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. சத்தியாக்கிரகம் செய்து உள்ளே வந்த படித்த பெண்கள் அங்கே இருந்தார்களாம். வீட்டிலிருந்து அவர்களுக்குப் புத்தகங்கள் வரும். ஒருத்தி தன் கட்டிலடியில் அடுக்கி வைத்து, கேட்கிற கைதிக்கெல்லாம் கொடுத்தாளாம். அதில் அந்த இரண்டாம் பாகம் இருந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்லுவாங்க? ஜெயிலுக்கு மேல எங்க தள்றது?"

முடிவைக் கேட்டார்கள். சொன்னாள். புருஷன் ரங்கூனிலிருந்து வருகிறான். கொழுந்தன் காலில் விழுகிறான். அந்தப் பெண் மன்னித்து, அதே வீட்டுக்குப் போய் அவனுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறாள். விரல் நசுங்கியவள் காறித் துப்பினாள். "இதுக்காடி நம்ம கெழவன் வெந்தான்?" என்றாள்.

"நானும் சுவத்துல வீசி அட்ச்சேன்" என்றாள் நெட்டச்சி. "அந்தம்மா திட்டுச்சி. எட்த்துத் தொடச்சி வெச்சேன். அப்பறம் வேற புஸ்தகம் குட்த்துச்சி. அது நல்லா இருந்திச்சி."

அந்த வருஷமே ஆம்பூர் ஹைஸ்கூல் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஜில்லாவில் இனிமேல் வாசகசாலைகள் எங்கெங்கே, யாருக்காக, எப்படி நடக்க வேண்டும் என்று யோசனை கேட்பதற்காம். வேலூரிலிருந்து ஒரு காலேஜ் புரொபசர் வந்திருந்தார். தலைவர் ஒரு பெரிய நிலக்காரர். நாங்களும் போய்ப் பின்சுவர் ஓரமாக நின்றோம். வேலை முடிந்து நாற்றத்தோடு நேரே வந்திருந்ததால் எங்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாயின.

காலேஜில் வைத்தால்தான் புத்தகம் பத்திரமாக இருக்கும், அறிவாளிகள் வந்து படித்துப் போகலாம் என்றார் புரொபசர். பள்ளிக்கூடம்தான் சரி, ஆனால் மாணவர்களுக்கு மட்டும் என்றார் ஒரு ஹெட்மாஸ்டர். எங்கள் காரியதரிசியும் பேசினார். சமீபத்திய துக்க சம்பவத்தைச் சொல்லி, பொதுஜனத்தைப் பக்குவப்படுத்திய பிறகே பொது வாசகசாலைகளை விரிவுபடுத்த வேண்டும் என்றார். கைதட்டினார்கள்.

நெட்டச்சி கேட்டாள்: "எங்க தெருவுல எரிச்சாங்களே, அந்த புஸ்தகத்துக்குப் பதிலா யாரு தருவாங்க?"

அது இன்றைய விஷயத்தில் இல்லை என்றார் தலைவர்.

"கெழவன்?"

"அந்தப் பொம்பளைய வெளிய அனுப்புங்க" என்று முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். அவள் கையைப் பிடித்து இழுத்தும்விட்டான். ஒற்றைக் கண்ணோடு அதுவரை சுவரில் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்த அவள் புருஷன், பக்கத்திலிருந்த பெஞ்சைத் தலைக்குமேல் தூக்கி வீசினான். பெஞ்சு இரண்டு வரிசை நாற்காலிகளைச் சாய்த்துக்கொண்டு போனது. அப்புறம் கூட்டம் இல்லை, சண்டைதான். நாற்காலிக் கால்கள், குடைகள், தண்ணீர்க் கூஜா. புரொபசர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். மைக்கூடு தலைவரின் அங்கவஸ்திரத்தில் கவிழ்ந்தது. எனக்கு இரண்டு விலா எலும்பு விரிசல். போலீஸ் வந்ததும் ஜன்னல் வழியாகக் குதித்தோம்.

தீர்மானத்தைப் பிறகு யாரோ ஒருவர் வீட்டில் கூடி நிறைவேற்றினார்கள் என்று கேள்வி. பள்ளிக்கூடம்தோறும் ஒரு பீரோ, பூட்டோடு. சாவி ஹெட்மாஸ்டரிடம். படிப்பவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகள்.

நாங்கள் பட்டைக் கொட்டகைக்குப் பின்னால் புத்தகம் வைத்துப் படிக்க ஒரு கீற்றுக் கொட்டாய் போட்டோம். ஜெயிலிலிருந்து விடுதலையான அந்த அம்மா ஒரு மூட்டைப் புத்தகம் அனுப்பினாள். பாய் சவாரி போகும் வீடுகளிலிருந்து பழைய பத்திரிகை வாங்கி வருவார். ஒரு மாசிமாதம் அதையும் கொளுத்தினார்கள். மறுபடி மண் சுவர் வைத்து, ஓடு போட்டுக் கட்டினோம். நெட்டச்சியின் புருஷன் சதை சீவும் வேலைக்குக் கண் போதாமல், அந்தக் கொட்டாய் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. தாளை மடக்கும் பிள்ளையைக்கூட முதுகில் ஒன்று வைப்பான். ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்து, வாசகசாலையில் கிடைக்காத புத்தகம் ஒன்றைக் கேட்டான். இவன் எழுந்து கன்னத்தில் அறைந்துவிட்டான். நெட்டச்சி ஓடிவந்து இவனைத் திட்டி, புத்தகத்தை அந்தப் பையனிடம் கொடுத்து அனுப்பினாள். அவன் அதைத் திருப்பித் தரவேயில்லை. அதற்காக இவனிடம் அவள் பட்ட பேச்சு கொஞ்சமில்லை.

பிறகு எனக்கு ஆலங்காயத்தில் ஜில்லா போர்டு ஸ்கூலில் வேலை கிடைத்தது. காட்டை ஒட்டிய ஊர், சின்னப் பள்ளிக்கூடம். வகுப்பில் ஒரு பீரோ நின்றது, புதுப் பச்சை வர்ணம், பெரிய பூட்டு. அந்தத் தீர்மானத்தின்படி வந்ததாம். சாவியைக் கேட்டேன். "அது வந்த நாள்லேர்ந்தே சாவி இல்லீங்க. மேலே எழுதிப் போட்டிருக்குது" என்றார் ஹெட்மாஸ்டர். பிள்ளைகள் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அன்று பள்ளி விட்டதும் வெளியே போய்க் கைக்கு அடங்கிய கருங்கல் ஒன்றை எடுத்து வந்தேன். ஹெட்மாஸ்டர், "இன்னாம்மா இது, இன்னாம்மா இது" என்று பின்னாலேயே வந்தார். இடது பக்கம் நின்று சொன்னதால் எனக்குப் பாதிதான் கேட்டது. பூட்டு அறுந்து விழும்வரை அடித்தேன். கதவைத் திறந்தேன்.

புத்தகம் ஒன்றுகூட இல்லை. தட்டுக்குத் தட்டு பிரம்புகள் அடுக்கியிருந்தன. எண்ணெய் பூசிப் பளபளவென்று, தடிமன்வாரியாக.

"இங்க இருந்தா பத்திரம்னு..." என்றார் ஹெட்மாஸ்டர். அப்படியானால் சாவி அவரிடம்தான் இருந்திருக்கிறது. அதை அவரும் அப்போதுதான் உணர்ந்தவர்போல, சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

பிரம்புகளை வாரி முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தேன். எண்ணெய் ஏறிய பிரம்பு ஒடியாது, வளைந்து திரும்பி என் முகத்திலேயே அடித்தது. கன்னத்தில் தடித்துவிட்டது. கடைசியில் அரிவாள்மணையைக் கொண்டுவந்து நறுக்கி அடுப்பில் வைத்தேன். காலையில் வாணியம்பாடி வழியாகப் போகும் விறகு வண்டிக்காரனிடம், ஆம்பூரில் பட்டைக் கொட்டகைக்குப் பின்னால் போய், நெட்டச்சியிடம் ஒரு மூட்டைப் புத்தகம் கேள் என்று சொல்லி அனுப்பினேன். எத்தனை நாளில் வரும் என்று வண்டிக்காரன் சொல்லவில்லை. நான் பீரோவின் தட்டுகளைத் துடைத்து, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.